பண்ணை வீட்டு நாய்க்கு ஒரு கூடை

ஒரு நாயை எதில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன!

கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். கூலி நெல்லை ஏற்றிக் கேட்டு எங்கள் தெருப் பெண்கள் நடவை நிறுத்திவிட்டுக் கொடியோடு வரப்பில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் என் அம்மா. தகராறு முற்றி, போலீஸ் வந்து, கடைசியில் கூலி ஏறியது. நிலக்காரர் குடும்பம் கும்பகோணத்துக்குக் குடிபோனது. அந்த வீட்டம்மாவை ஊரே ஆச்சி என்று கூப்பிடும். கிளம்புகிற அன்றைக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நான் அப்போதுதான் டீச்சர் வேலையில் சேர்ந்திருந்தேன்.

"நீ படிச்ச பொண்ணு. அங்க வீட்டுல கொத்துவேல நடக்குது. ஒரு மாசம் இத வச்சிருந்து பஸ்ல கொண்டாந்து விட்டுடு. நல்ல கூடையா ஒண்ணு வாங்கிக்க. வெளையாட எதாச்சும் குடு, இல்லேன்னா செருப்பக் கடிச்சிடும்" என்று தன் வெள்ளைச் சடைநாயை என் கையில் கொடுத்தாள். "சரிங்க ஆச்சி" என்று வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன்? படிச்ச பொண்ணு என்றதில் மயங்கினேனா, இல்லை வெறும் பயமா? இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அம்மா தையா தக்கா என்று குதித்தாள். "கூலிக்கு நிக்கறப்பல்லாம் என்னப் பாத்து வள்ளு வள்ளுன்னு விழுந்த நாயிடி இது! இதுக்கு நம்ம வூட்டுல சோறா?" திட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்து வைத்தாள். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர். அம்மாவின் வாயில் அது நுழையவில்லை. "ஏ வெள்ள, தின்னு" என்றாள். அதுவும் தின்றது.

பொம்மை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர், "கொழந்தைக்கு என்ன வயசுங்க?" என்றார். கல்யாணமாகாத பெண், நாய்க்கு என்று சொல்ல வெட்கம். "ஒன்றரை" என்றேன். "பல்லு மொளச்சிடுச்சா?" "எல்லாம் மொளச்சிடுச்சுங்க." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிலுகிலுப்பை, ரப்பர் வாத்து, பந்து என்று எடுத்துப்போட்டார். எது சரி, எதைத் தின்று தொலைக்கும், ஒன்றும் தெரியவில்லை. அமுக்கினால் கீச்சென்று கத்துகிற வாத்தை வாங்கி வந்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒனக்குக்கூட நான் ஒரு பொம்ம வாங்கிக் குடுத்ததில்லடி" என்றாள். நாய் வாத்தைச் சீந்தவே இல்லை. அம்மா சும்மா உருட்டிவிட்ட தென்னங்குரும்பையின் பின்னால் நாள் முழுக்க ஓடியது.

பத்து நாளில் அது அம்மாவின் காலடியில் படுக்க ஆரம்பித்தது. எனக்கு அதைத் திருப்பிக் கொடுக்க மனசே இல்லை. ஆனால் சரி என்று சொல்லியாயிற்று. அம்மாவிடம் சொன்னால், பண்ணை நாய்க்கு உருகுறியா என்று கிழித்துவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கூடை விஷயம் அதைவிடக் குழப்பம். வயர்க் கூடையில் கால் ஓட்டை வழியாக வெளியே வரும். தகரப் பெட்டியில் மூச்சு முட்டும். பக்கத்து வீட்டு அக்கா, "இதுக்கா இத்தன யோசன? சாக்குல போட்டுக் கட்டு. வழி தெரிஞ்சா திரும்பி வந்துடும்ல" என்றாள். எங்கள் பக்கத்தில் நாயையோ பூனையையோ ஊர் மாற்றி விட்டால் அப்படித்தான் செய்வார்கள். எனக்குச் சாக்கு பிடிக்கவில்லை. முழம் போட்டு அளந்து, மூடி வைத்த மூங்கில் கூடை ஒன்றை வாங்கினேன்.

கிளம்புகிற காலையில் அம்மா மூடியைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள். "தல வெளிய இருக்கட்டும்."

"குதிச்சிடும்மா."

"குதிக்காது. நானும் வர்றேன்."

ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டு, நாயின் தலையை வெளிப்பக்கம் திருப்பி, "பாத்துக்க, இது குடமுருட்டி" என்றாள். அப்புறம், "இது அரசலாறு." நாய்க்கு எதற்கு ஆற்றின் பெயர்? இவளுக்கு என்ன ஆயிற்று என்று விழித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர், "யாரு நாய்ங்க இது?" என்றார்.

"எங்க நாய்தான்" என்றாள் அம்மா.

ஆச்சி வீட்டுத் தெருமுனையிலேயே அம்மா நின்றுவிட்டாள். "நான் வல்ல. நீ போ."

போனேன். ஆச்சி நாயை வாங்கிக்கொண்டு, "அய்யோ, எளச்சிப் போயிட்டியே!" என்றாள். ஒரு சுற்றுப் பெருத்திருந்தது அது. "கூடை நல்லாருக்கே, வச்சிட்டுப் போ" என்றாள். "சரிங்க ஆச்சி" என்றேன்.

தெருமுனைக்குத் திரும்பினேன். அம்மா என் வெறுங்கையைப் பார்த்தாள். "கேட்டியா?"

"எதம்மா?"

"நாங்களே வச்சிக்கிறோம்னு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாக்கும் மூடியும் இல்லாமல் வழி காட்டிக்கொண்டே வந்தது, அது திரும்பி வரட்டும் என்றுதான். ஒரே கூரைக்குள் இரண்டு பேரும் ஒரே ஆசையை ஒளித்துவைத்திருக்கிறோம்.

"கேக்கத் தோணலம்மா" என்றேன். பொய். தோன்றியது. நாக்கு எழவில்லை.

"அர மரக்கா நெல்லு கூடப் போடுன்னு அவ வாசல்லயே நின்னு கேட்டோம். எங்கள்ல ஒருத்திக்கும் எழுத்துக்கூட்டத் தெரியாது. ஒன்ன எதுக்குடி படிக்க வச்சேன்?"

என்னைத் தெருவில் நிறுத்திவிட்டு விறுவிறுவென்று அந்த வீட்டு முன்வாசல் வழியாக உள்ளே போனாள். என்ன பேசினார்களோ, அம்மா கடைசிவரை சொல்லவில்லை. திரும்பி வரும்போது நாயை இடுப்பில் வைத்திருந்தாள். கூடையை விட்டுவிட்டாள்.

பஸ்ஸில், "கொஞ்ச நேரம் நான் வச்சிக்கிறேம்மா" என்று கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.