வேலைக்கு வந்த பூனைக்குட்டி

ஓர் உயிரை அதன் பயனுக்காக மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? குஷன் அக்கா வாழ்ந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு, முடியும் என்றுதான் வெகுகாலம் தோன்றியது. அவர் வீட்டில் சும்மா இருந்த பொருள் ஒன்றுகூடக் கிடையாது. சுவரில் படம் இல்லை. ஆணி இருந்தது, அதில் கத்தரி தொங்கியது. கணவர் இறந்த சில மாதங்களில் அவருடைய சட்டைகள் பசை துடைக்கும் துணிகளாயின. சிலர் அதைக் கல்மனசு என்றார்கள், சிலர் சிக்கனம் என்றார்கள். இரண்டு சொல்லும் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ அதைச் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி, அவ்வளவுதான்.

பழைய சோபாக்களுக்குப் புதுப் பஞ்சும் உறையும் போடுவது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. வேலை சுத்தமாக இருக்கும். அதற்கு மேல் புகழ்ந்தால் அவருக்கே பிடிக்காது. தம்பி பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். சோபாக்களைத் தன் வேனில் ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு.

பஞ்சு மூட்டைகளில் எலி குடியேறியதில் தொடங்கியது எல்லாம். விஷம் வைத்தால் எங்கேயோ போய்ச் செத்து நாறியது. பொறி வைக்கலாம்தான். ஆனால் பொறியில் சிக்கியதைக் கையால் தூக்கிக்கொண்டு போக அக்காவால் முடியாது. நினைத்தாலே உடம்பு கூசும். இந்த நேரத்தில் மருந்துக்கடையில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. கடைக்காரர் ஒரு குட்டியை அக்காவின் கையில் திணித்தார். அக்கா கேட்டது ஒரே கேள்வி, இது எலி பிடிக்குமா என்று. பிறவியிலேயே படித்துவிட்டு வருகிற பாடம் அது என்றார் கடைக்காரர்.

அந்தப் பாடத்துக்கு இந்தக் குட்டி வரவே இல்லை போலும். முதல் எலி மூட்டையிலிருந்து இறங்கி அறையைக் கடந்தபோது, தெருவில் போகிற லாரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு நாள் ஒரு பெரிய எலிக்குப் பயந்து தையல் மெஷின்மேல் ஏறிக் கத்தியது. பழைய தட்டில் மணல் போட்டு வைத்தால், ஃபோம் துண்டுகள் இருந்த பெட்டியைக் கழிப்பறையாக்கிக்கொண்டது. பால் ஊற்றினால் வயிறு கலங்கி வீடெல்லாம் அசிங்கம். பால் ஆகாது என்று மருந்துக்கடைக்காரர் பிறகு சொன்னார். முதலிலேயே சொல்வதற்கென்ன என்று அக்காவுக்கு எரிந்தது. நூல்கண்டுகள் உருண்டன. நகம் போட வேறு இடமே கிடைக்காததுபோல், வாடிக்கையாளர் கொடுத்துவிட்டுப் போன சாம்பல்நிற வெல்வெட்டைத் தேடிப்பிடித்தது.

அக்கா அதற்குப் பேர் வைக்கவில்லை. கூப்பிட வேண்டியிருந்தால் "சனியனே" போதுமானதாக இருந்தது. தம்பிதான் மேனேஜர் என்று வைத்தார். ஒரு வேலையும் செய்யாமல், இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் பார்க்கிறதே, வேறு என்ன பேர் வைப்பது என்றார்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது மருந்துக்கடைக்காரர் கையை எடுத்துக் கும்பிட்டார். "கட்டிக்குடுத்தாச்சுக்கா. இனி நல்லது கெட்டது எல்லாம் உங்க வீட்டோட." டீக்கடையில் கேட்டார், சலவைக்காரரிடம் கேட்டார். யாருக்கும் வேண்டாம்.

ஆகவே ஒரு முடிவு செய்தார். பல் டாக்டரின் கிளினிக்குக்கு ஒரு நீள சோபா தயாராகிக்கொண்டிருந்தது. அதை இறக்கிவிட்டுத் திரும்பியதும், குட்டியைத் தம்பி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட வேண்டும். அதற்காக மூடியுள்ள கூடை ஒன்றையும் வாசலில் வைத்தார்.

அன்று மதியம் சோபாவைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். பசை வாடை போகட்டும் என்று அதன் வயிற்றைத் திறந்தபடி விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது வழக்கம். வந்ததும் கறுப்பு அடித்துணியை ஒரு முனையிலிருந்து இழுத்துப் பிடித்து, காற்று மெஷினில் ஓடும் ஸ்டேப்ளரால் மளமளவென்று அடித்துக்கொண்டே போவார். உள்ளே குனிந்து பார்க்க மாட்டார். கை அறியும் என்பார். அந்த ஸ்டேப்ளர் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது.

சோபா போனது. தம்பி திரும்பி வந்தார். கூடை இருந்தது, குட்டி இல்லை. மூட்டைகளைப் புரட்டினார்கள். தானாகவே தொலைந்தது, நல்லதாய்ப் போயிற்று என்றார் அக்கா. சொல்லிவிட்டு மறுபடியும் மூட்டைகளைப் புரட்டினார்.

சாயங்காலம் டாக்டரிடமிருந்து போன் வந்தது. சோபா கத்துகிறதாம்.

கிளினிக்கில் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார யாருக்கும் தைரியமில்லை. பாதி வாய் மரத்துப்போன ஒருவர் மறுபாதியால் சிரித்தார். அக்கா சோபாவைக் கவிழ்த்து, அடித்துணியைப் பிய்த்தார். குட்டி அங்கே இல்லை. ஸ்டேப்ளர் சத்தத்துக்கு மிரண்டு, பலகை இடுக்கு வழியாகக் கைப்பிடிக்குள் ஏறியிருந்தது. கையை விட்டால் இன்னும் மேலே போனது. பசித்தால் தானே வரும், ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். அதில் தவறில்லை. தம்பிக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

கைப்பிடியின் முன்முகம்தான் சோபாவிலேயே கடினமான இடம். மடிப்புகள் எல்லாம் அங்கே வந்து கூடும். வந்தவர் கண்ணும் முதலில் அங்கேதான் விழும். அக்கா பிளேடை எடுத்தார்.

"அக்கா, அது வெளிப்பக்கம்."

"தெரியும்டா."

மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. பஞ்சுக்கு நடுவே ஒரு காதும், பிறகு ஒரு கண்ணும் தெரிந்தன. பிடித்து இழுத்ததும் அவர் மணிக்கட்டில் ஆழமாக ஒரு கீறல் போட்டது. "சனியனே," என்றார் அக்கா.

கிளினிக்கில் சீட்டு எழுதும் பெண் ஓடிவந்து குட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள். அது அவள் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "அக்கா, இத நான் வச்சுக்கட்டுமா? எங்க அம்மா பூனை வேணும்னு கேட்டுட்டே இருக்காங்க."

தம்பிக்கு முகம் மலர்ந்தது. தெருவெல்லாம் தேடியும் கிடைக்காத ஆள் தானாகவே வந்து நிற்கிறது.

அக்கா கையை நீட்டிக் குட்டியைத் திரும்ப வாங்கினார். "இது வேலைக்கு வந்ததும்மா. இன்னும் ஒரு வேலையும் செய்யல."

"செய்யாதத வச்சுட்டு என்னக்கா பண்ணப்போற?" என்றார் தம்பி.

"நாளைக்கு வந்து கைப்பிடிய மாத்திக் குடுத்துடறேன் டாக்டர்," என்றார் அக்கா, தம்பியைப் பார்க்காமல்.

திரும்பும் வழியில் இரும்புக்கடை முன்னால் வேனை நிறுத்தச் சொன்னார். குட்டி தம்பியின் மடியில் ஸ்டியரிங்கைக் கடித்துக்கொண்டிருந்தது. அக்கா கடையிலிருந்து ஓர் எலிப்பொறியோடு வந்து ஏறினார்.

இப்போதும் காலையில் பார்க்கலாம். அக்கா முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, பொறியைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்தபடி சாக்கடைவரை போய் உதறிவிட்டு வருகிறார். மேனேஜர் வாசலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறது. பிறகு பூனை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டால் ஸ்டேப்ளரை எடுத்துவிடுவார். அந்தச் சத்தத்தில் யாராலும் பேச முடியாது.