புளி போட்டுத் தேய்த்த வால்வு

பேய், ஆவி, சகுனம், கனவில் வந்து சொன்னது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். அங்கே ஒரு சத்தம் கேட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்துக்கு ஏற்ற ஸ்பேனர் பெட்டியில் இருக்கும், அவ்வளவுதான் உலகம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், ஆனால் அங்கேயும் யாராவது தரிசனம் கண்டேன் என்று சாட்சி சொல்ல எழுந்தால் வாசல் பக்கம் பார்ப்பேன். இப்போது நானே உங்கள் முன்னால் உட்கார்ந்து சாட்சி சொல்கிறேன், நீங்களும் வாசல் பக்கம் பார்க்கலாம், தப்பில்லை. நடந்தது பட்டப்பகலில், கூடுவாஞ்சேரியில். நினைத்தால் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது.

எனக்கும் தனசேகருக்கும் சேர்ந்து ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. தாம்பரத்தில் இருப்பவனுக்கு எதற்குப் படகு என்று கேட்காத ஆள் இல்லை. இரும்புலியூரில் எங்கள் தெருவில் மழைக்காலம் வந்தாலே, எங்களையும் ஏத்திக்கோங்க சார் என்று நக்கல் ஆரம்பித்துவிடும். இருபத்தெட்டு அடி நீளம், உள்ளே நாலு பேர் படுக்கலாம், ஒரு சின்ன அடுப்பு, முன்பக்கம் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு கழிப்பறை. தனசேகர் செம்பாக்கத்தில் பழைய விவசாயக் குடும்பம், வயலெல்லாம் மனையாகி இப்போது வாடகையும் ஒரு ஹார்டுவேர் கடையும் என்று இருக்கிறான். வருஷாவருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் படகைக் கிரேன் வைத்துத் தூக்கி, டிரெய்லரில் ஏற்றி, ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க ஜனம் போன் எடுத்துப் படம் பிடிக்க, கூடுவாஞ்சேரிக்கு உள்ளே அவனுடைய காலி மனையில் இரும்புத் தாங்கிகள் மேல் நிறுத்திவிடுவோம். தை பிறந்ததும் பழுது பார்த்து, இன்சூரன்ஸ் சர்வேயரிடம் காட்டி, மறுபடி கடலில் இறக்குவோம். படகு வைத்திருப்பவன் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறான் என்று நினைக்கிறார்கள். ஒரு நாள் கடலில் போக பத்து நாள் சுரண்டணும், தேய்க்கணும், எங்கே ஒழுகுகிறது என்று முதுகு வளைந்து தேடணும்.

இனி அந்த வால்வு. கழிப்பறைக்குக் கடல் தண்ணீர் எடுக்கப் படகின் அடிப்பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஒரு துளை உண்டு. அங்கே கடலுக்கும் நமக்கும் நடுவில் நிற்பது ஒரு வால்வு மட்டும்தான். அது வெண்கலத்தில் இருக்க வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் பழையது இறுகிப்போனபோது நான் மகளைப் பார்க்க வெளிநாடு போயிருந்தேன், அந்த நேரத்தில் தனசேகர் தன் கடையிலிருந்து, வீட்டுக் குழாய்க்குப் போடுகிற பித்தளை வால்வை மாட்டிவிட்டான். கேட்டதற்கு, பார்க்க ரெண்டும் ஒண்ணுதானே சார் என்றான். ஒன்றல்ல. பித்தளையில் இருக்கிற துத்தநாகத்தை உப்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். வெளியே வால்வு அப்படியே இருக்கும், உள்ளே உளுத்துப் போயிருக்கும், மஞ்சள் மாறி இளஞ்சிவப்பாவது ஒன்றுதான் அடையாளம். கப்பலில் நேற்றுச் சேர்ந்த டிரெய்னிக்கே இது தெரியும். மாற்றுவோம் மாற்றுவோம் என்று நானும் ஒரு சீசனை ஓட்டிவிட்டேன்.

அதற்கடுத்த வருஷம் ஒரு விஷயம் புதுசு. என் மனைவி கிரேஸ் படகில் வர ஒப்புக்கொண்டாள். நான் கடலில் கிடந்த முப்பது வருஷமும் ஸ்கூல் வேலையும் பார்த்துக்கொண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள், கடல் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நீச்சலும் தெரியாது. படகு வாங்கிய அன்றைக்கு, ரிட்டயர் ஆகியும் உங்களுக்குக் கடல்தானா என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் வாயிலிருந்து, பாண்டிச்சேரி வரைக்கும் ஒரே ஒரு தடவை வரேன் என்று வந்தது. தனசேகர், அவன் மனைவி மல்லிகா, நான், கிரேஸ் என்று நாலு பேர், ராத்திரி படகிலேயே படுக்கை. முன்பக்க அறை கிரேஸுக்கு. வால்வு அதை ஒட்டித்தான் இருந்தது.

தனசேகர் வீட்டில் மாடு போய் எத்தனையோ வருஷமாகிறது, ஆனால் மாட்டுப் பொங்கலை விடவில்லை. மாட்டுக்குப் பதில் கார், கடை வேன், அப்புறம் படகு. முந்தின நாளே மல்லிகா மனைக்கு வந்து, குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி படகில் கண்ணில் பட்ட பித்தளையை எல்லாம் புளி போட்டுத் தேய்த்து மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். வால்வையும் சேர்த்துத்தான். நான் பக்கத்தில் நின்று சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். வால்வு பளபளவென்று இருந்தது, கொஞ்சம் இளஞ்சிவப்பாக. புளி போட்டால் பித்தளை அப்படித்தான் சிவக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், முப்பது வருஷ இன்ஜினியர் அப்படித்தான் நின்று யோசித்தேன்.

இரண்டு நாள் கழித்து சர்வேயர் வந்தார். காரிலிருந்து இறங்கவே அவருக்கு மனசில்லை. இளநீர் குடித்தார், ஷூ காலோடு ஏணியில் ஏறினார், போனில் படபடவென்று படம் எடுத்தார். ஒரு ஸ்க்ரூவைத் திருகிப் பார்க்கவில்லை, எதையும் தட்டிப் பார்க்கவில்லை. கழிப்பறைக்குள் தலையை மட்டும் நீட்டி, புது வால்வா என்று கேட்டார். தனசேகர், ஆமா சார், புதுசு என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. வெண்கல வால்வு கொச்சியிலிருந்து வர ஒரு மாசம் ஆகும், கிரேன் தள்ளிப்போகும், அதற்குள் கிரேஸ் மனசு மாறிவிடும் என்பதுதான் என் கணக்கு. படகு முழுகினாலும் பாலிசி இருக்கிறதே என்று ஒரு அசட்டுத் தைரியம் வேறு. அந்தப் பாலிசியில் தேய்மானத்துக்கும், தெரிந்தே விட்ட குறைக்கும் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறான், அதையும் படித்தவன்தான் நான். யார்மேல் கோபம் என்று கேட்டால் முதலில் என்மேல்தான்.

கடலில் இறக்க இரண்டு நாள் இருந்தபோது, ஒரு புதன்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும், நான் மட்டும் படகுக்குள் உட்கார்ந்து கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எதிர் மனையில் கொத்தனார்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள், ஒரு சத்தமில்லை. திடீரென்று என் காலடியில் பம்ப் ஓட ஆரம்பித்தது. படகுக்குள் தண்ணீர் ஏறினால் தானாக ஓடி வெளியே தள்ளுகிற சின்ன பம்ப் அது. அதற்குக் கரண்ட் கொடுக்கிற பேட்டரியை நான் கழற்றி இரும்புலியூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்தேன். ஒயர் இரண்டும் என் கண் முன்னால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வாய்விட்டே பம்பைத் திட்டினேன். வெளியே மண்ணில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டு ஏணியில் இறங்கிப் பார்த்தால், படகின் பக்கவாட்டுத் துவாரத்திலிருந்து கட்டை விரல் கனத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, செம்மண் ஊறி ஓடை பிரிந்துவிட்டது. மழை பெய்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையை நீட்டினேன், ஜில்லென்று இருந்தது. நாக்கில் வைத்தேன். உப்பு. மேலே ஏறி அடித்தளப் பலகையைத் தூக்கினேன், உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. தூசி, ஒரு காய்ந்த பல்லி, நூலாம்படை. கடல் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல்.

கிரேஸுக்குப் போன் போட்டு, பேட்டரி அங்கேதான் இருக்கா என்று கேட்டேன். இங்கதாங்க இருக்கு, பச்சை லைட் எரியுது, ஏன் என்றாள். சும்மா கேட்டேன் என்று வைத்துவிட்டேன். அவள் குரல் கேட்டபோதே பம்ப் நின்றுவிட்டிருந்தது. அந்த அமைதியில் முன்பக்கம் கழிப்பறையிலிருந்து சொட்டு விழுகிற சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தேன். வால்வு காய்ந்துதான் இருந்தது, மல்லிகா வைத்த குங்குமம்கூடக் கலையவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அதைக் கையால் தொட்டேன், அதுவரை கண்ணால் மட்டுமே பார்த்திருந்தேன். ஸ்பேனரின் பிடியால் லேசாகத் தட்டினேன். நல்ல உலோகம் கணீரென்று பேசும், இது மரத்தைத் தட்டின மாதிரி டொக்கென்றது. கைப்பிடியைத் திருகினேன், பெரிசாகப் பலம்கூடக் கொடுக்கவில்லை, வால்வு கழுத்தோடு பிட்டுக்கொண்டு என் கையில் வந்துவிட்டது, ரஸ்க் உடைகிற மாதிரி. உடைந்த இடம் முழுக்க இளஞ்சிவப்பாகப் பொருபொருவென்று இருந்தது. துளை வழியாகக் கீழே மனையின் செம்மண் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அதே துளையில் கடல் இருந்திருக்கும், தலைமாட்டில் நீச்சல் தெரியாத கிரேஸ் தூங்கியிருப்பாள். உடைந்த துண்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தனசேகரைக் கூப்பிட்டேன், மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். வந்ததும் அவன் பார்த்தது வால்வைத்தான்.

"இன்னா சார் நீங்க, சர்வே முடிஞ்சு பாலிசி வந்தாச்சு. இப்ப போய் நீங்களே ஒடச்சு வச்சுகினு கீறீங்க."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. வாழ்நாளில் யாரையும் அப்படித் திட்டினதில்லை. கடைச் சரக்கை மாட்டி நாலு உயிரை அடகு வைத்தாயே என்றேன், உன் வீட்டு ஆளும் அதில்தானே வந்திருப்பாள் என்றேன், கொத்தனார்கள் சோற்றுக் கையோடு எழுந்து நின்று பார்த்தார்கள். அவனும் விடவில்லை, உங்களுக்குத் தெரியும் இல்ல, அப்ப ஏன் சர்வேயர்கிட்ட சொல்லல என்று திருப்பிக் கேட்டான். அதற்கு நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். ஈர மண்ணைக் காட்டினேன். டேங்கர் லாரி எதுவாவது ஊத்திட்டுப் போயிருப்பான் என்றான். லாரி டயர் தடம் எங்கே என்று கேட்டேன்.

மல்லிகா அதுவரை அந்த உடைந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள், "நான் புளி போட்டுத் தேய்ச்சதாலயா அண்ணா ஒடஞ்சுது?"

"இல்லம்மா. நான் பேசாம இருந்ததால."

கிரேனைத் தள்ளிப்போட்டோம், கொச்சியிலிருந்து வெண்கல வால்வு வந்தது, நானே என் கையால் பொருத்தி நாலு தடவை தட்டிப் பார்த்தேன். தண்ணீர் விழுந்த இடத்தில் மண் காய்ந்தபோது வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, அதைத் தனசேகர் என்னிடம் சொல்லாமல் மண்வெட்டியால் கொத்திவிட்டான். மாசியில் பாண்டிச்சேரி போனோம். கிரேஸ் பயந்தாள், வாந்தி எடுத்தாள், மறுநாள் காலையில் சிரித்தாள். ஒரு குறையும் இல்லாமல் திரும்பினோம்.

இதோடு முடிந்திருந்தால் ஏதோ ஏமாந்துவிட்டேன் என்று நானே மறந்திருப்பேன். ஆனால் எனக்கு அந்த சர்வேயரை விட மனசு வரவில்லை. அவர்மேல் புகார் எழுத வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஆபீஸில் நடையாய் நடந்து சர்வே ரிப்போர்ட்டின் நகலை வாங்கினேன். படங்களோடு கொடுத்தார்கள். அவர் கழிப்பறைக்குள் தலையை நீட்டி எடுத்த படம் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. வால்வு மின்னுகிறது, குங்குமம் இருக்கிறது, கீழே நிலைமை திருப்திகரம் என்று டைப் அடித்து முத்திரை குத்தியிருக்கிறது.

அந்தப் படத்தில் தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. பச்சைத் தண்ணீர். சர்வேயர் பார்க்கவில்லை, ஆபீஸில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர்களும் பார்க்கவில்லை. தண்ணீரில் ஒரு செருப்பு மிதக்கிறது. ஊதா ரப்பர் செருப்பு, இடது கால். கிரேஸ் படகில் வழுக்கக் கூடாது என்று தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கினது அது, சர்வே முடிந்து பத்து நாள் கழித்து, நானும் கூடத்தான் போயிருந்தேன். ஜெபக் கூட்டத்தில் வாசலில் விட்டால் மாறிப்போகிறது என்று எந்தச் செருப்பு வாங்கினாலும் வாரில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பாள். படத்தில் அந்தப் பொட்டு இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன்.

அந்தப் புகாரை நான் எழுதவே இல்லை. படத்தைக் கிரேஸிடம் காட்டவும் இல்லை. புதுசாக இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், அவள் இன்னும் அதைத்தான் போட்டுக்கொண்டு வாசல் தெளிக்கப் போகிறாள். போன வாரம் தாங்க முடியாமல், அதைத் தூக்கிப் போடு என்று கத்தியே விட்டேன். நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தூக்கிப் போடணும் என்று கேட்டாள். நான் உள்ளே போய்விட்டேன்.