அம்மன் வாசலில் போட்ட குழந்தை

குழந்தைகள் நலக் குழுவின் அறைக்கு வெளியே ஹைமவதி உட்கார்ந்திருந்தாள். குருக்கள் வீட்டுப் பெண், கோயில் மகளிர் குழுவின் தலைவி. தனியாக இருக்கும் குழந்தையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள் என்று கிரிவலப் பாதை முழுக்க நோட்டீஸ் ஒட்ட வைத்தவள். அதைப் பார்த்து யாரோ போன் செய்ததில்தான் பூக்கார வள்ளியின் குழந்தை இப்போது காப்பகத்தில் இருந்தது.

வள்ளிக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதான இந்தப் பத்து மாதப் பெண்ணுக்கும் ஓயாத இழுப்பு.

"அம்மன் கோயில் வாசல்ல போட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிடு. நான் எடுத்து வெச்சுக்கறேன். அப்புறமா வந்து பிடி தவிடு குடுத்து வாங்கிக்கோ. சாமி குழந்தைன்னு ஆயிட்டா ஒண்ணும் அண்டாது" என்று யோசனை சொன்னதே ஹைமவதிதான்.

சொன்னவள் நேரத்துக்குப் போனாளா? பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் வாசற்படி காலி.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊர் சிரிக்குமே என்ற பயம். விசாரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு நாலு நாளை ஓட்டிவிட்டாள், பெரிய மனுஷி.

உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தைப் பாதுகாப்பு அலுவலர் சிந்துஜா கோப்பைத் திறந்தாள்.

"யாரோ செய்யச் சொன்னாங்கன்றாங்க இந்தம்மா. யாருன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேன்றாங்க. இப்படி இருந்தா குழந்தைய எப்படி அனுப்புறது? கோயில் குழு சார்பா நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

வள்ளி தரையைப் பார்த்தபடி நின்றாள். பால் கட்டி அவள் ரவிக்கை நனைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு ஹைமவதியால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சொன்னேன். எடுத்துக்க வரேன்னு சொல்லிட்டு லேட்டா போனதும் நான்தான். அவ மேல தப்பில்லை."

நலக் குழுத் தலைவர் அதை எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"குழந்தைய அம்மாகிட்டயே அனுப்புறோம். இழுப்புக்கு ஆஸ்பத்திரியில காட்டணும். வாரா வாரம் வீட்டுக்குப் போய்ப் பாக்க உங்க குழுவுல ஒருத்தர் வேணும். நீங்க வேணாம்."

ஹைமவதி தலையாட்டினாள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூச்சு சீராக வந்தது.

மாலையில் காப்பக வாசலில் வள்ளி குழந்தையை இடுப்பில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஹைமவதி தன்னை அறியாமல் இரண்டு கையையும் நீட்டினாள். வள்ளி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க பேர நான் சொல்லவே இல்ல மாமி. நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு நாலு நாளா பாத்துக்கினு இருந்தேன்."