இல்லாத மேனேஜரை வேலையை விட்டு நிறுத்திய கதை

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் பனியன் கம்பெனி வைத்தபோது நான்கு தையல் மெஷின்கள் இருந்தன. மூன்று வருடத்தில் பதினெட்டு ஆயின. டெய்லர்கள், செக்கிங் பெண்கள், கட்டிங் மாஸ்டர் என்று ஷெட் நிறைந்துவிட்டது. ஆபீஸில் மட்டும் நான் ஒருவன்தான். போன் எடுப்பதும், ஈமெயில் பார்க்க பிரவுசிங் சென்டருக்கு ஓடுவதும், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவதும், சாம்பிளை கூரியரில் போடுவதும் நானே.

ஆபீஸுக்கு ஒரு ஆள் போடச் சொல்லி என் மனைவி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஷிப்மெண்ட் போகட்டும் என்பேன். அது போனதும் அடுத்தது வந்து நிற்கும். தைக்கிற ஆளைச் சேர்க்க நான் யோசித்ததே இல்லை. அவர் கையிலிருந்து துணி வெளியே வரும். நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுக்கிறவர் கையிலிருந்து என்ன வரும்?

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக எங்களுக்கு ஆர்டர் கொடுத்த பையிங் ஆபீஸில் ஒரு மேடம் இருந்தார். கோயமுத்தூர்க்காரர், கறாரானவர். ஒரு நாள் போன் செய்து, முந்தா நாள் அனுப்பிய மெயிலுக்கு ஏன் பதில் இல்லை என்று கேட்டார். நான் இரண்டு நாளாக பிரவுசிங் சென்டர் பக்கமே போகவில்லை. "எங்க மேனேஜர் பாத்திருப்பாருங்க மேடம், கேட்டுச் சொல்றேனுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்படித்தான் எங்கள் கம்பெனியில் மேனேஜர் சேர்ந்தார்.

இவ்வளவு உபயோகமான ஆளை நான் பார்த்ததில்லை. லேபிள் மாறினால் அவர்தான் மாற்றினார். சாம்பிள் தாமதமானால் அவருக்குப் பல்வலி. நானே மறந்துபோன சமாச்சாரத்துக்கு அவரை நன்றாகத் திட்டிவிட்டதாக மேடத்திடம் சொல்லுவேன். ஆறு மாதத்தில் அவருக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்தது, ஒரு தங்கைக்குக் கல்யாணம் முடிந்தது.

பிறகுதான் அந்தப் புதன்கிழமை வந்தது. குழந்தைகள் டி-ஷர்ட் சாம்பிள் ஆறு பீஸ், மதியத்துக்குள் பையிங் ஆபீஸ் போய்ச் சேர வேண்டும். ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். அதே கடையின் இன்னொரு பையில் மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாடு இருந்தது. ஒரு காதில் துணிக்குச் சாயம் போடும் டையிங்காரர், இன்னொரு காதில் கட்டிங் மாஸ்டர், வாசலில் ஹாரன் அடிக்கிற ஆட்டோ. பையை எடுத்துக் கொடுத்து ஆட்டோவை அனுப்பினேன். ஒன்றரை மணிக்குக் கையைக் கழுவிவிட்டு வந்து பையைத் திறந்தால், உள்ளே ஆறு டி-ஷர்ட்டுகள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

போன் அடித்தது. மேடம்தான். சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வந்த பையர் எதிரில் உட்கார்ந்திருந்தபோது பையைப் பிரித்திருக்கிறார். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வெளியே வந்திருக்கின்றன. பையர் அது என்னவென்று விசாரித்தாராம்.

நான் வழக்கம்போல மேனேஜரைக் கைகாட்டினேன். ஆனால் இந்த முறை மேடம் விடவில்லை.

"அந்த ஆளை நிறுத்துங்க சார். இல்லீன்னா அடுத்த ஆர்டர உங்களுக்குக் குடுக்க எனக்குப் பயமா இருக்குதுங்க."

அன்றைக்கே நிறுத்திவிடுவதாகச் சொல்லி போனை வைத்தேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ, மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த மனுசன் மேல ஒரு தப்பும் இல்லீங்களே. நிறுத்த வேண்டியது உங்களையில்லீங்களா?" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மேடம் மறுபடி அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. கோபத்தில் ஒருவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று தூக்கமே வரவில்லையாம். அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். தெரிந்த கம்பெனியில் சொல்லி வைத்திருப்பதாகவும் பயோடேட்டாவோடு அனுப்பும்படியும் சொன்னார். கணியூரில் அவருக்குத் தோட்டம் இருக்கிறது, விவசாயம் பார்க்கப் போய்விட்டார் என்று சொல்லித் தப்பித்தேன். அப்படியானால் இடம் காலியாகத்தானே இருக்கிறது, நானே நல்ல ஆள் அனுப்புகிறேன் என்றார் மேடம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். தென்காசிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர், ஒரு பெரிய கம்பெனியின் பேக்கிங் பிரிவில் ஆறு வருடம் இருந்தவர். உட்காரச் சொல்லி, பேரைக் கேட்பதற்குள் கட்டிங் மாஸ்டர் கூப்பிட்டார். அங்கே போனால் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. கேனோடு பெட்ரோல் பங்குக்குப் போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. இப்படி ஒரு ஆளைக் காக்க வைத்ததற்கு ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பிவிடலாம், ஆள் சேர்ப்பதை ஷிப்மெண்ட் முடிந்து பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே வந்தேன்.

அந்த அம்மா என் மேசையில் போன் பேசிக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு தாளில் மூன்று போன் செய்திகளை வரிசையாக எழுதியிருந்தார். லேபிள் கொண்டுவந்தவர் வாசலில் பெட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் சீட்டுல ரெண்டு வயசு லேபிள் கேட்டிருக்கீங்க சார், அவரு பன்னெண்டு வயசுக்கு உள்ளதைக் கொண்டாந்திருக்காரு. திருப்பிட்டேன். தப்புன்னா சொல்லுங்க" என்றார்.

தப்பில்லை. அந்தப் பெட்டியை நான் வாங்கியிருந்தால் பிரிக்காமல் தையலுக்கு அனுப்பியிருப்பேன், லோடு போன பிறகுதான் தெரிந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கையிலிருந்து என்ன வரும் என்ற கேள்விக்குப் பதில் அன்றைக்கு வண்டியேறிப் போனது. நாளையிலிருந்து வரச் சொன்னேன். இன்றைக்கே இருந்துவிட்டுப் போகிறேன் என்றார்.

மூன்றாம் நாள், பழைய மேனேஜருடைய நோட்டுப் புத்தகம் எங்கே என்று கேட்டார். ஆர்டர் விவரம் எதுவும் ஒரு இடத்தில் இல்லை, அவரிடம் பேச போன் நம்பராவது கொடுங்கள் என்றார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் அந்த வேலையெல்லாம் நீங்கதான் பாத்தீங்களா?"

"ஆமாங்க."

"அதான் இப்படிக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு, புது நோட்டில் கோடு போட ஆரம்பித்தார்.

முதல் இரண்டு வாரம் எனக்குக் கை கால் ஓடவில்லை. போன் அடித்தால் எழுந்துவிடுவேன். வேலையில்லாமல் தையல் மெஷின் லைனில் நடந்தால், டெய்லர்கள் ஏதோ தப்பு நடந்துவிட்டதென்று தையலைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கடைசியில் அந்த அம்மாவே என்னிடம், சும்மா சுற்றாமல் டையிங்குக்குப் போய் அடுத்த லாட் துணியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போனேன். நிறம் மாறியிருந்ததை நேரத்தோடு பிடித்தேன்.

அந்த ஆவணியில் மூலனூரில் மனைவியின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கம்பெனி வைத்த பிறகு முதல்முறையாக வேலை நாளில் வெளியூர் போனேன். பந்தியில் உட்காரும்வரை செல்போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை. டவர் இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் இருந்தது. பொறுக்க முடியாமல் நானே ஆபீஸுக்கு அடித்தேன்.

"ஒண்ணும் இல்ல சார். சாப்பிடுங்க" என்று சொல்லி அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

ஒன்றுமே இல்லையா என்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பக்கத்தில் மனைவி, இலையைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னாள். ரசம் வந்துவிட்டது.