மூடிய மில்லில் வந்த புகை

படம் ஓட்டுகிறவனுக்கு ஜனங்களின் முதுகுதான் தெரிய வேண்டும். முகம் தெரிந்தால் சண்டை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதிலும் அரசியல் ஆவணப்படம் ஓட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சின்னத் திரைப்படச் சங்கத்துக்காகப் பதினாறு எம்.எம். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பஸ் ஏறி இறங்கியவன் நான். நெடுநாள் வெளியூரில் இருந்துவிட்டு இப்போது திரும்பி வந்திருக்கிறேன். எந்த ஓட்டலுக்குள் நுழைந்தாலும் ஏதோ குறைகிறதே என்று தோன்றுகிறது. புகை.

கிடைத்த ஒரே இடம்

மில் ஸ்டிரைக், குடிசை அகற்றல், ஏரி ஆக்கிரமிப்பு என்று படத்தின் விஷயத்தைச் சொன்னதுமே கல்யாண மண்டபங்கள் கைகூப்பிவிட்டன. பள்ளிக்கூடமும் கைவிரித்தது. மிஞ்சியது கள்ளிக்குப்பம் போகிற வழியில் ஞானப்பிரகாசம் அண்ணன் நடத்திய பிரியாணி ஓட்டல். நீளமான ஹால், கடைசியில் சுண்ணாம்படித்த வெள்ளைச் சுவர், பக்கவாட்டில் பச்சைத் திரை போட்ட ஃபேமிலி ரூம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிற குடும்பங்கள் அங்கேதான் சாப்பிடும். மதியக் கூட்டம் குறைந்ததும் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படம் போட்டுக்கொள் என்றார். நான் சந்தோஷத்தில் மேஜை துடைக்கவே இறங்கிவிட்டேன். அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒரு ஃபேமிலி மூஞ்சிய சுளிச்சிக்கினு எழுந்து போச்சுன்னா, அத்தோட பொட்டியக் கட்டிடணும் தம்பி."

இரண்டு பாஷைக்காரன்

படங்களில் வர்ணனை இங்கிலீஷில் இருக்கும். இரண்டு பாஷையிலும் படித்தவன் என்பதால் மைக் என் கையில். ஓடுகிற படத்துக்கு நடுவே தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். ஹால் தானாகவே இரண்டாகப் பிரிந்து உட்காரும். இடது பக்கம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் தொழிற்சங்கத் தோழர்கள். வலது பக்கத்துக்குத் தலைவர் சுந்தரம் சார். மதுரைக்காரர், ஆவடி குவார்ட்டர்ஸ்வாசி, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஸ்டிரைக் செய்தே நாட்டில் மில்களை மூடிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. ஆனாலும் ஒரு வாரம் தவறமாட்டார்.

நான் சுருக்கிச் சொன்னால் இடது பக்கத்துக்குச் சந்தேகம், எதை மறைக்கிறான் என்று. விரித்துச் சொன்னால் வலது பக்கத்துக்குச் சந்தேகம். ஒரு நாள் சுந்தரம் சார் எழுந்தே கேட்டுவிட்டார்.

"அந்தாளு ஒரு வரிதானப்பா பேசுனாரு. நீ ஒரு பக்கம் பேசுற. மிச்சத்த யாரு சொன்னது?"

சாசரில் சாம்பல்

பிரியாணி சாப்பிட்டுவிட்டு இலை எடுப்பதற்குள் பற்ற வைக்கிற காலம் அது. அரசியலில் முட்டிக்கொள்கிற இரண்டு பக்கமும் தீப்பெட்டியை மட்டும் பகைமையில்லாமல் கைமாற்றிக்கொள்ளும். உள்ளதைச் சொன்னால் எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். புரொஜெக்டர் வெளிச்சம் புகையில் பட்டு, கையால் தொடலாம் போல வெள்ளைத் தூணாகப் படுத்துக்கிடக்கும்.

அண்ணனுக்குத்தான் வயிற்றெரிச்சல், டீ சாசரெல்லாம் சாம்பல் கிண்ணம் ஆகிறதே என்று. வெளியே போய்ப் பிடித்துவிட்டு வரக்கூடாதா என்று தொழிற்சங்கத் தோழர் ஒருவரைக் கெஞ்சிப் பார்த்தார். அவர் வலது பக்கத்தைக் கண்ணால் காட்டினார்.

"நான் வெளிய போய்ட்டு வர்றதுக்குள்ள அவங்க ஆளு என் சேர்ல குந்திப்பான் அண்ணாத்தே."

சிம்னி

மூடிய நூற்பு மில் ஒன்றைப் பற்றிய படம் வந்தது. அதில் பேசும் ஏகாம்பரம் அந்த மில்லில் வேலை பார்த்தவர். மூடிய பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் வாட்ச்மேன். பேசிக் கொடுத்தாரே தவிர, படத்தைப் பார்த்ததில்லை. தேடிப்பிடித்து அழைத்தேன். சலவைச் சட்டையில் வந்து, சுவரை ஒட்டிய முதல் மேஜையில் உட்கார்ந்தார். அவர் மனைவி ராஜம்மா ஃபேமிலி ரூமில்.

சுவரில் ஏகாம்பரம் தோன்றினார். பின்னால் கறுத்த சிம்னி, மேலே வெளுத்த வானம். "இந்த சிம்னில பொகை வந்து வருசக்கணக்காவுது" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, சிம்னி உச்சியிலிருந்து புகை சுருள்சுருளாகக் கிளம்பியது.

சுந்தரம் சார் துள்ளி எழுந்தார். "மூடுன மில்லுல புகை வருது, பாருங்கய்யா. அத்தனையும் பொய்." இடது பக்கமாவது ஏகாம்பரத்தைக் காப்பாற்றும் என்று பார்த்தால், முதலாளி திருட்டுத்தனமாக மில்லை ஓட்டுகிறான் என்று அவர்கள் கத்தினார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. ஃபேமிலி ரூமில் ஒரு குடும்பம் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அண்ணன் கல்லாவை விட்டு மெயின் சுவிட்சை நோக்கி நடந்தார். ஏகாம்பரம் பாவம், தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்ததுபோல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சைத் திரை சர்ரென்று விலகியது. நாங்களெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கவாட்டில் இருந்த ராஜம்மா மட்டும் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், மில்ல அவங்க மூடிட்டாங்க. நீ இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு ஓட்டிக்கினு கீற? பீடிய அணை."

மறுபடியும்

விஷயம் அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, பதற்றத்தில் இழுத்து இழுத்து விட்டிருக்கிறார் மனுஷன். புகையின் நிழல் கறுப்புச் சிம்னியின்மேல் தெரியாமல், வெள்ளை வானத்துக்கு வந்ததும் தெரிந்திருக்கிறது. ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டினேன். ஏகாம்பரம் பீடியை சாசரில் நசுக்கினார். யாரும் சொல்லாமலே இரண்டு பக்கத்திலும் நெருப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

மறுபடி அதே சிம்னி, அதே வானம். வானத்தில் ஒன்றுமில்லை. "பொகை வந்து வருசக்கணக்காவுது" என்று சுவரிலிருந்த ஏகாம்பரம் சொன்னார். எழுந்த குடும்பம் பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டது. அண்ணன் சுவிட்சிலிருந்து கையை எடுத்து, பச்சைத் திரையை நன்றாக ஒதுக்கிக் கட்டினார். விளக்கு எரிந்ததும் சுந்தரம் சார் நேராக ஏகாம்பரத்திடம் வந்து கைகொடுத்தார்.

"புகை வரல, ஒத்துக்கிறேன். ஆனா மூடுனது உங்க ஸ்டிரைக்காலதான். அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க, பேசுவோம்."

அரசியல் படம் பார்த்துக் கட்சி மாறிய ஒருவரையும் அந்த வருஷங்களில் நான் சந்திக்கவில்லை. பீடியை அணைத்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.