என் புது நத்தையும் வரப்புப் பிள்ளையாரும்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில். அப்போது ஒரு கல்நத்தைக்குப் பெயர் வைத்தேன். அந்தக் கதையை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஊட்டத்தூர்ப் பக்கத்து ஓடைகளில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நத்தைகள் கல்லாகிக் கிடக்கும். அங்கே ஒரு பருத்திக்காட்டு வரப்பில், வேப்பமரத்தடியில், உள்ளங்கை அளவுக் கல்நத்தை ஒன்றைப் பிள்ளையாராக வைத்திருந்தார்கள். அதன் சுருள் தும்பிக்கை மாதிரியே இருந்தது. அந்த ஜாதி நத்தையின் முதுகில் வரிசையாகப் புடைத்த முண்டுகள் இருக்க வேண்டும். இதில் ஒன்றுகூட இல்லை. அடியில் ஒரு சொட்டு அமிலம் விட்டேன்; பொங்கி நுரைத்தது. சுண்ணாம்புக்கல்தான். புது இனமாக இருக்குமோ என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

காட்டுக்குச் சொந்தக்காரம்மாவிடம், "படம் வரைஞ்சுட்டுத் திருப்பித் தரேம்மா" என்றேன்.

"எடுத்துட்டுப் போங்க. புள்ளையாரும் நாலு ஊரு பாக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். வேறொன்றும் அவரை நான் கேட்கவில்லை. கல்லைப் பற்றி அவருக்கு என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பு.

எங்கள் வீட்டில் பெருமாளைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. ஆகவே பிள்ளையார் மூன்று மாதம் என் மேஜை டிராயரில் இருந்தார். அளந்தேன், சுற்றுகளை எண்ணினேன், வரைந்தேன். முண்டுகள் அறவே இல்லை என்ற ஒரே அடையாளத்தை வைத்துப் புது இனம் என்று எழுதி, காவிரியின் பெயரையே சூட்டினேன். கட்டுரை அச்சாயிற்று. பெயர் வைத்த கல்லை அருங்காட்சியகத்தில் சேர்ப்பது வழக்கம், சேர்த்துவிட்டேன். திருப்பித் தருகிறேன் என்ற பேச்சு காற்றோடு போயிற்று. கல்லூரியில் மாலை போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு கல்லை வைத்து எழுதியது எனக்கே உறுத்தியது. இரண்டாவது கல் தேடி மறுபடியும் போனேன். "அதே மாதிரி வழவழன்னு இன்னொண்ணு வேணும்மா" என்று கேட்டேன்.

அவர் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். புதிய பிள்ளையார் ஒருவர் இருந்தார். முதுகெல்லாம் முண்டு. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற பழைய இனம்.

"மழையில ஓடைக்கு வந்தவருங்க. பழையவரும் எங்க மாமியா எடுத்தாந்தப்ப இப்படித்தான் இருந்தாராம். வெள்ளிக்கிழமை தவறாம புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் அப்படி ஆனாரு."

புளியும் அமிலம்தான். அமிலம் சுண்ணாம்புக்கல்லைத் தின்னும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன் நான். எங்கள் வீட்டுப் பித்தளைக் குடமும் வெள்ளிக்கிழமை புளியில்தான் பளபளத்தது.

அவரிடம் காட்டவென்று கட்டுரைப் பிரதியைப் பையில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை.

"உங்க வேலைக்கு அது ஆச்சுங்களா?" என்றார்.

"ஆச்சும்மா. புது வகைன்னு பேர் வச்சாச்சு."

கட்டுரை தப்பு என்று ஒரு வரி எழுதிப்போட்டிருந்தால் போதும். இன்றுவரை எழுதவில்லை.

அந்த அம்மாவுக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்ப கவலைய விடுங்க. இவரையும் நல்லாத் தேய்ச்சு வெக்கிறேன். கொஞ்ச வருஷம் கழிச்சு வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.