ஒலி குறைத்த கார்ட்டூன்

போரில் அச்சுவேலியிலிருந்து இடம்பெயர்ந்த பவளம் அக்கா, கொக்குவிலில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு மாலை வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து, ராட்சதக் குரங்குப் படங்களைக் கேலி செய்யும் பழைய கார்ட்டூன் ஒன்றைப் போட்டேன். கோபுரத்தில் ஏறி நின்ற குரங்கைச் சுட விமானங்கள் இரைந்து வந்ததும், அக்கா மேசைக்கடியில் புகுந்துவிட்டார். நான் எல்லோருக்கும் முன்னால் சிரித்துவிட்டேன்.

"அக்கா, உது கார்ட்டூன் எல்லே?"

"தெரியும் பிள்ளை. சத்தம் கேட்டதும் உடம்பு தானாய்க் குனிஞ்சிட்டுது. அண்டைக்குக் குண்டு போடேக்கை என்ரை தங்கச்சி குனியேல்லை."

எழுந்துபோய்ச் சத்தத்தை முழுதாகக் குறைத்தேன். அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரங்கு விமானங்களை காதில் ரீங்காரமிடும் நுளம்பை அடிப்பதுபோல் அடித்தபோது அவர்தான் முதலில் சிரித்தார்.

மூன்று மாதம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதைக்கூட நான் கேட்டு அறிந்திருக்கவில்லை.